கம்பளத்தின் பின்பக்கம்: ஜார்ஜ் ஹெவிட் மையர்ஸ் விட்டுச்சென்ற கல்வி



கைத்தொழிலைப் போற்றிய ஒருவரைப் பற்றி ஆண்டுக்கொருமுறை பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளை விதித்திருக்கிறது. இந்த ஆண்டு கீழைநாட்டுக் கம்பளங்களைத் தேடிச் சேர்த்த ஓர் அமெரிக்கரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஜார்ஜ் ஹெவிட் மையர்ஸ். துருக்கி, பாரசீகம், காக்கசஸ், எகிப்து, ஸ்பெயின் ஆகிய இடங்களின் முடிச்சுக் கம்பளங்களைப் படிக்கும் எவரும் அவர் திறந்துவைத்த வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

பழம்பொருள் சேர்ப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அழகானதை, அரியதை, விலை உயர்ந்ததைச் சேர்த்தார்கள். மையர்ஸும் அழகில்தான் தொடங்கினார். ஆனால் போகப் போக, ஒரு கம்பளம் எதைச் சொல்கிறது என்று கேட்டு வாங்கும் நிலைக்கு வந்தார். சான்றாக மதித்துச் சேர்க்கப்பட்ட பொருள்தான் கல்வியாக மாறும், சொத்தாக மதித்துச் சேர்த்தது அடுத்த ஏலத்தோடு சிதறிப்போகும் என்பதே அவர் வாழ்க்கையிலிருந்து நான் பெற்ற பாடம். அதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

1. வனவியலாளர் சேர்த்த கம்பளங்கள்

மையர்ஸ் பிறந்தது 1875இல். மருந்துத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1890களில், மாணவர் விடுதியில் தம் அறைத் தரையில் விரிக்க ஒரு கீழைநாட்டுக் கம்பளம் வாங்கினார். அக்கால அமெரிக்க வசதிக் குடும்பங்களில் அது வழக்கமான செயல்தான். வழக்கத்தை மீறியது அதற்குப் பின் வந்த அறுபது ஆண்டு.

யேலில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த வனவியல் பள்ளியில் சேர்ந்து 1902இல் பட்டம் பெற்றார். வனத்துறையிலும் பின்னர் நிதித்துறையிலும் பணியாற்றினார். வனவியல்மீது அவருக்கு இருந்த பற்று கடைசிவரை குறையவில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் 7,840 ஏக்கர் காட்டை 1930இல் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாகத் தந்தார். யேல்-மையர்ஸ் வனம் என்ற பெயரில் அது இன்றும் மாணவர்கள் மரங்களையும் மண்ணையும் நேரில் ஆராயும் களமாக விளங்குகிறது.

காட்டைக் கொடுத்ததும் கம்பளத்தைச் சேர்த்ததும் ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகள் என்று நான் கருதுகிறேன். வனவியல் கற்றவர் நெடிதுயர்ந்த மரத்தை மட்டும் பார்ப்பதில்லை. கன்றையும் பட்ட மரத்தையும் வெட்டுண்ட அடிமரத்தின் வளையத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருக்குக் காடு புரியும். மையர்ஸின் தொகுப்பும் அப்படித்தான் வளர்ந்தது. காக்கசஸ், துருக்மேனியக் கம்பளங்களில் தொடங்கியவர், பழைய அரசவைக் கம்பளங்களுக்குப் போனார். அங்கிருந்து அவற்றை விளக்கக்கூடிய பிற துணிகளுக்குப் போனார்: எகிப்தின் கோப்டிக் துணிகள், இஸ்லாமிய நாடுகளின் பட்டுகள், இந்தியத் துணிகள், கடல் கடந்து பெரு நாட்டின் பழங்குடி நெசவுகள்.

1925இல் வாஷிங்டன் நகரத்தின் கலோராமா பகுதியில், தம் வீட்டை ஒட்டி, நெசவுப் பொருட்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினார். டெக்ஸ்டைல் மியூசியம் என்பது அதன் பெயர். அவர் குடியிருந்த வீட்டை வடிவமைத்தவர் ஜான் ரஸ்ஸல் போப். பின்னாளில் அதே நகரில் ஜெஃபர்சன் நினைவகத்தையும் தேசியக் கலைக்கூடத்தையும் வடிவமைத்தவரும் அவர்தான். அருங்காட்சியகம் தொடங்கியபோது அதில் 275 கம்பளங்களும் சுமார் 60 துணிகளும் இருந்தன. 1957இல் மையர்ஸ் மறைந்தபோது கம்பளங்கள் ஏறக்குறைய 500, துணிகள் ஏறக்குறைய 3,500. இந்த எண்களின் விகிதத்தைக் கவனியுங்கள். கம்பளங்கள் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருகியபோது துணிகள் ஏறத்தாழ அறுபது மடங்கு பெருகியிருக்கின்றன. ஒரு பொருளைப் புரிந்துகொள்ள அதைச் சூழ்ந்த எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று உணர்ந்த ஒருவரின் பயணம் இதில் தெரிகிறது.

2. கிழிசலையும் மதித்தவர்

மையர்ஸின் தனித்தன்மை புலப்பட, அவர் காலத்துச் சந்தை எதை மதித்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு உலகப் புகழ் பெற்ற அர்தபில் கம்பளத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

ஈரானின் அர்தபில் நகரத்துத் தர்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கம்பளத்தில் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டு நெய்யப்பட்டிருக்கிறது. நம் கணக்கில் 1539–40. நீளம் பத்தரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். 1893இல் லண்டன் அருங்காட்சியகம், இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், அதை 2,000 பவுண்டுக்கு வாங்கியது. வாங்கலாம் என்று பரிந்துரைத்தவர் ஓவியரும் நெசவுக் கலைஞருமான வில்லியம் மாரிஸ்.

உண்மையில் அங்கே இருந்தவை இரட்டைக் கம்பளங்கள். இரண்டும் சிதைந்திருந்தன. ஒன்றை முழுமையாக்கி விற்பதற்காக மற்றொன்றை வெட்டி ஒட்டுப்போட்டார்கள். கரைகளை இழந்த அந்த இரண்டாவது கம்பளம் பல கைகள் மாறி இன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுமைக்கு மட்டுமே விலை என்ற எண்ணம் எவ்வளவு பெரிய விலையை வாங்கியது பாருங்கள். எந்த இழை எந்தக் கம்பளத்துக்கு உரியது என்று பிரித்தறியும் வேலையை அந்தக் கத்தரிக்கோல் வருங்கால ஆய்வாளர் தலையில் கட்டிவிட்டது.

மையர்ஸ் வேறு வழியில் போனார். முழுக் கம்பளங்களோடு துண்டுகளையும் வாங்கினார். காக்கசஸின் டிராகன் கம்பளத் துண்டு, பாரசீகத்துப் பூச்சாடிக் கம்பளத் துண்டு, நிறம் மங்கி ஓரம் நைந்த எச்சங்கள் எல்லாம் அவர் தொகுப்பில் இடம் பெற்றன. சுவரில் மாட்டினால் விருந்தினர் வியக்கும் பொருட்கள் அல்ல அவை. ஆனால் இழை எப்படி நூற்கப்பட்டது, ஊடை எத்தனை முறை ஓடியது, எந்தச் சாயம் ஏறியது என்ற கேள்விகளுக்கு ஒரு முழம் துண்டே போதும். துண்டை மதிக்கத் தெரிந்தவர் நெசவாளரின் கையை மதிக்கத் தெரிந்தவர் என்பேன்.

3. கம்பளத்தைப் படிப்பது எப்படி

தறியில் பாவு இழைகளை நெட்டுவாக்கில் இழுத்துக் கட்டுவார்கள். ஒரு வரிசைக்கு, பெரும்பாலும் இரண்டிரண்டு பாவு இழைகளில் கம்பளி நூலைச் சுற்றி முடிச்சிட்டு நுனியை வெட்டிவிடுவார்கள். வரிசை முடிந்ததும் ஊடை இழையைக் குறுக்கே ஓட்டி, சீப்பால் தட்டி இறுக்குவார்கள். பிறகு அடுத்த வரிசை. முன்பக்கத்தில் நாம் காண்பது வெட்டப்பட்ட நூல் நுனிகளின் நிறங்கள். பின்பக்கத்தில்தான் முடிச்சு தெரியும், ஊடை தெரியும், நூலின் முறுக்கு தெரியும்.

முடிச்சுக்கே ஊர் உண்டு. துருக்கியிலும் காக்கசஸிலும் நூல் இரண்டு பாவிழைகளையும் சமமாகச் சுற்றி நடுவில் வெளிவரும். பாரசீகத்தின் பல பகுதிகளில் ஒரு பாவிழையை முழுதாகச் சுற்றி, மற்றொன்றின் அடியில் மட்டும் நுழைந்து வரும். இடைக்கால ஸ்பெயினில் ஒரே பாவிழையில், ஒன்று விட்டு ஒன்றாக முடிச்சிட்டார்கள். கோலம் ஊர் விட்டு ஊர் போகும். அரசரின் விருப்பம், வணிகரின் தேவை, வெளிநாட்டு வரைபடம் எல்லாம் முன்பக்கத்தை மாற்றும். கை பழகிய முடிச்சும் நூற்கும் முறையும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. சிறு வயதில் விளக்குத் திரி திரிக்கப் பழகிய கை கடைசிவரை அதே பக்கம்தான் திரிக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஃபான் போடே ஐரோப்பிய ஓவியங்களைக் கொண்டு கம்பளங்களின் காலத்தைக் கணித்தார். ஓவியம் தீட்டிய ஆண்டு தெரியுமானால், அதில் உள்ள கம்பளம் அதற்கு முந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். இன்றும் ஹோல்பைன், லோட்டோ என்ற ஓவியர் பெயர்களாலேயே சில துருக்கிக் கம்பள வகைகள் அழைக்கப்படுகின்றன. மிகப் பயனுள்ள முறை அது. ஆனால் எந்த ஓவியமும் கம்பளத்தின் பின்பக்கத்தைக் காட்டாது. எப்போது என்பதற்கு ஓவியம் விடை சொல்லும், எங்கே என்பதற்குப் பின்பக்கத்தைத்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்குரிய இடத்தையும் ஆளையும் பொருளையும் ஒன்றுசேர்த்துத் தந்தவர் மையர்ஸ்.

4. கெய்ரோவுக்குத் திரும்பிய கம்பளங்கள்

மையர்ஸ் விரும்பிச் சேர்த்தவற்றுள் ஒரு வகைக் கம்பளம் உண்டு. நடுவில் எண்கோணமும் விண்மீனும் ஒன்றுக்குள் ஒன்றாக விரியும். சுற்றிலும் குடை பிடித்ததுபோன்ற சின்னஞ்சிறு இலைகள் நிறைந்திருக்கும். செந்நிறம், பச்சை, நீலம் மூன்றே நிறங்கள் பெரும்பாலும். வெளிச்சம் பட்டால் தரைமுழுதும் மின்னும். வெனிஸ் நகரப் பழைய ஆவணங்களில் வரும் பெயரை ஒட்டி நீண்ட காலம் இவற்றை டமாஸ்கஸ் கம்பளங்கள் என்றே அழைத்தார்கள். சிரியா, துருக்கி, மொராக்கோ என்று ஆளுக்கொரு திசை காட்டினார்கள். 1920களில் ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிக் ஸாரே இவை கெய்ரோவில் நெய்யப்பட்டவை என்று வாதிட்டார். அந்த நகரத்துக் கம்பளங்களுக்கு ஒரு காலத்தில் பெரும்புகழ் இருந்தது. வெனிஸ் தூதர் ஜோசஃபா பார்பரோ 1474இல் தப்ரீஸில் தாம் கண்ட கம்பளங்களைக் கெய்ரோ, புர்சா கம்பளங்களோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ஆனாலும் ஐயம் தீரவில்லை.

தீர்ப்பு மையர்ஸின் அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. பெர்லின் அருங்காட்சியகத்தின் இஸ்லாமியப் பிரிவை வழிநடத்திய எர்ன்ஸ்ட் கூனெலும், நெசவு நுட்பத்தைக் கூறு கூறாகப் பிரித்துப் படிக்கும் ஆற்றல் படைத்த லூயிசா பெல்லிஞ்சரும் அங்கே இணைந்து பணியாற்றினார்கள். சிரியாவின் டூரா யூரோபோஸ் அகழாய்வில் கிடைத்த துணிகளை ஆராய்ந்து 1945இல் நூல் வெளியிட்டவர்களுள் ஒருவர் பெல்லிஞ்சர். பழந்துணியின் ஒவ்வோர் இழையும் எந்தப் பக்கம் முறுக்கப்பட்டது என்பதை அவர் கண் முதலில் பார்க்கும்.

அந்த முறுக்குதான் விடையானது. நூற்ற இழையை நிமிர்த்திப் பிடித்தால் முறுக்கின் சாய்வு இரண்டு விதமாகத்தான் இருக்க முடியும். அவற்றை ஆய்வாளர்கள் எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்பார்கள். துருக்கி, பாரசீகம், காக்கசஸ் எங்கும் கம்பள நூல் இசட் முறுக்காகவே நூற்கப்பட்டது. இந்த ஐயத்துக்குரிய கம்பளங்களில் மட்டும் எஸ் முறுக்கு. அப்படி நூற்கும் பழக்கம் எகிப்துக்கு உரியது. ஆளி நார் நனையும்போது இயல்பாகவே எஸ் பக்கம்தான் திரும்பும். ஃபாரோக்கள் காலம் முதல் ஆளித்துணி நெய்து பழகிய நாடு அது. அந்தப் பழக்கத்தில் ஊறிய கை ஆட்டுக் கம்பளியையும் அதே பக்கம் முறுக்கியது.

இதோடு கதை முடியவில்லை. 1517இல் ஒட்டோமன் படை எகிப்தைக் கைப்பற்றியது. அதன்பின் வந்த சில கம்பளங்களில் எண்கோணங்கள் மறைந்து, இஸ்தான்புல் அரசவையின் துலிப்பும் கார்னேஷனும் வளைந்த இலைகளும் பூத்தன. முன்பக்கத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இவை வேறு நாட்டுப் பொருளாகவே தோன்றின. பின்பக்கத்தைப் பார்த்தால் அதே எஸ் முறுக்கு, அதே முடிச்சு. ஆட்சி மாறியது, கோலம் மாறியது, நெய்த கை மாறவில்லை. 1585இல் சுல்தான் மூன்றாம் முராத் கெய்ரோவிலிருந்து பதினொரு கம்பள வல்லுநர்களை அவர்களுடைய நூலோடு இஸ்தான்புல்லுக்கு வரச்சொல்லி ஆணையிட்டார். ஆணையில் நூலையும் சேர்த்துக் கேட்டிருப்பது, அந்தத் தொழில் எதில் அடங்கியிருந்தது என்பதை அரண்மனையும் அறிந்திருந்தது எனக் காட்டுகிறது.

கூனெலும் பெல்லிஞ்சரும் எழுதிய இந்த ஆய்வு நூல் 1957இல் டெக்ஸ்டைல் மியூசியம் வெளியீடாக வந்தது. மையர்ஸ் மறைந்த ஆண்டும் அதுவே. அதே வகையைச் சேர்ந்த பல கம்பளங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்ததாலும், அவற்றைப் புரட்டிப் பார்க்கவும் இழை பிரித்து ஆராயவும் உரிமையாளர் இசைந்ததாலும்தான் அந்த நூல் சாத்தியமாயிற்று. விலை மதிப்பற்ற பொருளின் இழையை அறிஞரிடம் ஒப்படைக்கும் மனம் எல்லாச் சேகரிப்பாளருக்கும் வாய்ப்பதில்லை.

கால் நூற்றாண்டு கழித்து, 1980களின் தொடக்கத்தில், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பிட்டி அரண்மனைக் கிடங்கிலிருந்து இதே எண்கோண வகையைச் சேர்ந்த ஒரு மாபெரும் கம்பளத்தைக் கம்பள ஆய்வாளர் ஆல்பெர்த்தோ போராலேவி வெளிக்கொணர்ந்தார். ஏறக்குறைய 11 மீட்டர் நீளம், புத்தம் புதிதுபோல் நிறம். மெடிச்சி அரச குடும்பத்தின் பதினாறாம் நூற்றாண்டுப் பொருட்பட்டியலில் அது கெய்ரோக் கம்பளம் என்றே எழுதப்பட்டிருந்தது. இழை சொன்னதை ஏடு உறுதிசெய்தது. நெசவின் பின்பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை.

5. வளர்ந்துகொண்டிருக்கும் கொடை

கெய்ரோ ஆய்வு ஒரு தனி நிகழ்வாக நின்றுவிடவில்லை. அதற்கு முன்பே, 1953இல், ஸ்பானியக் கம்பளங்களின் விவரப் பட்டியலைக் கூனெலும் பெல்லிஞ்சரும் வெளியிட்டார்கள். 1954இல் பெரு நாட்டுப் பராக்காஸ், நாஸ்கா துணிகளைப் பற்றிய நூலை ஜூனியஸ் பேர்டுடன் சேர்ந்து பெல்லிஞ்சர் எழுதினார். மையர்ஸுக்குப் பின் சார்லஸ் கிராண்ட் எல்லிஸ் பழைய காக்கசஸ் கம்பளங்களை இதே முறையில் ஆராய்ந்து நூல் எழுதினார். 2015 முதல் இந்த அருங்காட்சியகம் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்குகிறது. நெசவுக் கல்விக்கு வாழ்நாளை அளித்தவர்களுக்கு அது வழங்கும் விருது மையர்ஸ் பெயரையே தாங்கியிருக்கிறது.

அங்கே நீண்ட காலமாக ஒரு நல்ல வழக்கம் உண்டு. சனிக்கிழமைக் காலைகளில் கம்பள ஆர்வலர்கள் தங்களிடம் இருப்பதைக் கொண்டுவந்து மேசைமேல் விரிப்பார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தொட்டுப் பார்த்து, புரட்டிப் பார்த்து, கேள்வி கேட்பார்கள். வணிகரும் அறிஞரும் முதன்முதலாகக் கம்பளம் வாங்கியவரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்பார்கள். அறிவு கைமாறும் முறை அதுதான். மையர்ஸ் தொடங்கிவைத்த மனப்பாங்கு நூலகத்தில் மட்டும் இல்லை, அந்த மேசையைச் சுற்றியும் இருக்கிறது.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. கெய்ரோக் கம்பளங்களின் அந்த ஆழ்ந்த சிவப்பு, அரக்குப் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். அரக்கு விளைவது இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும்தான். கடல் வழியாகச் செங்கடல் சேர்ந்து கெய்ரோத் தறிக்கு அது போயிருக்கிறது. 1982இல் இதே டெக்ஸ்டைல் மியூசியம் இந்தியச் சாயத் துணிகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தி நூலும் வெளியிட்டது. எழுதியவர் மேட்டிபெல் கிட்டிங்கர். சோழமண்டலக் கரையில் சாயவேர் கொண்டு சிவப்பேற்றிய பருத்தித் துணிகள் உலகச் சந்தையை ஆண்ட வரலாற்றுக்கு அதில் உரிய இடம் கிடைத்தது. அந்தத் துணிகள் எப்படிச் செய்யப்பட்டன என்ற கேள்வியிலிருந்தே அந்நூல் புறப்படுகிறது. மையர்ஸ் வகுத்த வழி அது.

6. நாம் செய்ய வேண்டியவை

நெசவாளர் தம் பெயரைப் பெரும்பாலும் எழுதிவைப்பதில்லை. அர்தபில் கம்பளத்தில் ஒரு பெயர் இருக்கிறது; ஆயிரக்கணக்கான மற்றக் கம்பளங்களில் எதுவும் இல்லை. பெயரற்ற அந்த மனிதரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே வாக்குமூலம் அவர் முறுக்கிய இழை, அவர் இட்ட முடிச்சு, அவர் தேர்ந்த சாயம். அதைப் படிக்காமல் கம்பளத்தை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது, அதை நெய்தவரை இரண்டாம் முறை மறப்பதாகும். மையர்ஸை நான் போற்றுவதற்கு முதல் காரணம் இதுவே. பெருஞ்செல்வராக இருந்தும் அவர் பார்வை வாங்கியவர்மீது நிலைக்காமல், நெய்தவர் பக்கம் திரும்பியது.

நம் ஊர்களில் பழைய துணிகள் ஏராளம். கோயில் தொம்பைகள், தேர்ச்சீலைகள், பாட்டிமார் பெட்டியில் மடித்த கல்யாணச் சேலைகள், சமுக்காளங்கள். நைந்துபோனால் ஜரிகையை உருக்கக் கொடுத்துவிட்டு மீதியைத் தூக்கிப் போடுகிறோம். அருங்காட்சியகங்களிலும் முழுமையாக இருப்பதுதான் கண்ணாடிப் பேழைக்குள் போகிறது. இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழந்துணி ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதைப் புரட்டுங்கள். பாவு எந்த நூல், ஊடை எந்த நூல், முறுக்கு எந்தப் பக்கம், ஓர் அங்குலத்தில் எத்தனை இழை, கரை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த ஊரில் யார் வீட்டில் இருந்தது என்று எழுதுங்கள். நைந்த ஓரத்தையும் படம் எடுங்கள். இதற்கு ஒரு பூதக்கண்ணாடியும் அளவுகோலும் குறிப்பேடும் போதும்.

வசதி படைத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேர்த்தவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களிடம் திறந்துவையுங்கள். மையர்ஸ் கம்பளங்களை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவற்றைப் படிக்கும் அறிஞருக்கு இடம் கொடுத்தார், பணி கொடுத்தார், வெளியீட்டுக்கு வழி செய்தார். அதனால்தான் கெய்ரோவின் நெசவாளர்கள் நான்கு நூற்றாண்டு கழித்துத் தங்கள் ஊர்ப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். நம் நெசவாளர்களுக்கும் அந்த உரிமையைப் பெற்றுத்தரும் சேகரிப்பாளர்களும் அறிஞர்களும் இந்த அவையிலிருந்து உருவாக வேண்டும். அப்படி ஒருவர் உருவானால் இந்த அறக்கட்டளை நிறுவியவர்களின் நோக்கம் நிறைவேறும்.